பட்டாணி நம்மூருக்கு ஒத்து வருமா, இல்லையென்றால் வேறு எந்தப் பயறு?

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் ஊருக்குப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 12 சென்ட் விளை, அதில் ஐந்து தென்னை, ஓரமாகக் கொஞ்சம் வாழை, வீட்டின் பின்புறம் வெயில் நன்றாக விழும் ஒன்றரை சென்ட் காய்கறிக்கு. கடையில் வாங்கிய காய்ந்த பச்சைப் பட்டாணியை ஆனி மாத மழையோடு போட்டீர்கள்; முளைத்து ஒரு முழம் வந்தது, அப்புறம் அடியிலையிலிருந்து மஞ்சளாகிக் காய்ந்து செடியே போய்விட்டது. பீன்ஸ் அதற்குப் பரவாயில்லை, பூத்தது, ஆனால் பூவெல்லாம் கொட்டிவிட்டது. காணொளிகளில் "குளிர்காலத்துக்கு முன்பு மூடுபயிர் விதையுங்கள்" (வெறும் மண்ணை மூடி வைக்க விதைக்கும் பயிர்) என்கிறார்கள், நமக்குக் குளிர்காலம் எது, எதை விதைப்பது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் கேட்டிருப்பது ஒன்றுதான்: குளிர் நாட்டுத் தோட்டக்காரர்கள் சொல்லும் கால அட்டவணையைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எப்படிப் பொருத்துவது? பொருத்த முயலவே வேண்டாம் என்பதுதான் என் பதில். அவர்களுக்குப் பனி எப்போது விழும், எப்போது உருகும் என்பதுதான் கணக்கு. நமக்கு மழை எப்போது வரும் என்பதும், பகல் எப்போது குறையத் தொடங்கும் என்பதும்தான் கணக்கு. அதற்குத் தகுந்த பயறு வகைகள் நம்மிடம் ஏராளம்.

நான் படித்தது வேளாண்மை. வேலை பார்த்தது விரிவாக்கத்தில், பெரும்பாலும் கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில். இப்போது சொந்த விளையில் பயறும் மரச்சீனியும் (மரவள்ளி) வாழையுமாக ஓடுகிறது. உங்கள் மண்ணை நான் பார்க்கவில்லை, செத்த செடியின் படமும் நீங்கள் போடவில்லை. அதனால் ஊருக்கே பொருந்துவதை உறுதியாகச் சொல்கிறேன், உங்கள் செடிக்கு மட்டும் உரியதை ஊகம் என்று சொல்லியே சொல்கிறேன்.

பட்டாணியில் சந்தேகத்துக்கு இடமில்லை. அது குளிர்ப்பயிர். 13 முதல் 18 டிகிரி வரை அதற்குச் சொகுசு. 30ஐத் தாண்டினால் பூ நிற்காது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அது விளைவதற்கும், நம் கடலோரச் சமவெளியில் விளையாததற்கும் காரணம் இவ்வளவுதான். நம்மூரில் மார்கழி, தை மாதங்களில்கூட இரவு 22 டிகிரியை ஒட்டித்தான் இறங்கும், பகல் 30ஐத் தொடும். விதை முளைப்பதில் பிரச்சினை வராது, அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சூடான ஈர மண்ணில் வேர் அழுகல் சுலபமாகப் பிடிக்கும். ஆனியில் போட்டிருக்கிறீர்கள், அதாவது இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பிடித்த பிறகு. உங்கள் செடி போனது வேர் அழுகலால் என்பது என் ஊகம். அடுத்த முறை அப்படிக் காய்ந்தால் பிடுங்கி, தண்டைத் தரை மட்டத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள். வேர் கறுத்துத் தோல் உரிந்து வந்தால் அழுகல். தண்டுக்குள்ளே பழுப்புக் கோடு ஓடினால் வாடல் நோய். தண்டு அடியில் தடித்து வெடித்து, தோலுக்கு அடியில் சிறிய பழுப்புக் கூடு இருந்தால் தண்டு ஈ. பீன்ஸ் நாற்றுகள் திடீரென்று வாடுவதற்கும் பல நேரம் இந்த ஈதான் காரணம்.

ஆனாலும் பட்டாணி ஆசை விடவில்லை என்றால் இரண்டு வழி உண்டு. கார்த்திகைக் கடைசியில், துலாமழை (வடகிழக்குப் பருவமழை) ஓய்ந்த பிறகு, தொட்டியிலோ குரோ பேக்கிலோ போட்டு, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கம் வையுங்கள். தையில் நாலு காய் வரலாம். பிள்ளைகளுக்குப் பூவையும் காயையும் காட்டலாம், பட்டாணி சாதத்துக்குக் காணாது. இரண்டாவது வழி எனக்குப் பிடித்தது: காயை மறந்துவிட்டுக் கீரையாக வளர்ப்பது. அதே கடைப் பட்டாணியை ஓர் இரவு ஊறவைத்து, ஒரு தட்டில் மண்ணோ தென்னைநார்க் கழிவோ பரப்பி நெருக்கமாகத் தூவினால், இரண்டு வாரத்தில் ஒரு சாண் உயரத்துக்குக் கொழுந்து வரும். வெட்டித் தேங்காய் போட்டுத் துவரன் வைத்தால் பட்டாணி வாசனையே இருக்கும். இதற்குச் சமையலுக்கு விற்கும் பட்டாணியை மட்டும் எடுங்கள். விதைக் கடைப் பாக்கெட்டில் ரோஸ் நிறம் பூசி வரும் விதை பூஞ்சாணக் கொல்லி கலந்தது, அதன் கொழுந்தைத் தின்னக் கூடாது.

பீன்ஸ் இரண்டுங்கெட்டான். முற்றாக முடியாது என்று சொல்ல மாட்டேன். குற்றுச்செடி ரகமாக, பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா கோமல் போல ஒன்றை எடுத்து, கார்த்திகை இரண்டாம் பாதியில் விதைத்தால் பூக்கும் காலம் மார்கழிக் கடைசி, தை முதலில் விழும். நமக்கு ஆண்டிலேயே இரவு குளிரும் நாட்கள் அவைதான். அப்போதும் பூவில் ஒரு பகுதி கொட்டும். மாறாமலை, பாலமோர் மாதிரி மேட்டு எஸ்டேட்டுகளில் இருப்பவர்களுக்கு நம்மைவிட வாய்ப்பு கூடுதல். பூ கொட்டுவதற்குத் தேமோர்க் கரைசல், புளித்த மோர், பெருங்காயம் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். தெளித்தால் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் வெப்பத்தால் கொட்டும் பூவை எந்தக் கரைசலும் நிறுத்தாது, பகலை 5 டிகிரி குறைக்கும் கரைசல் இருந்தால் சொல்லுங்கள், நானும் வாங்கிக்கொள்கிறேன். தண்ணீர்க் குறைவாலோ தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுதியாலோ கொட்டினால் அது வேறு கதை. இலை கரும்பச்சையாக, செடி கொழுகொழுவென்று நின்றும் பூ நிற்கவில்லை என்றால் சாணமும் யூரியாவும் அதிகமாகியிருக்கிறது.

சரி, இந்த மண்ணுக்கு உரியதற்கு வருவோம். பீன்ஸ் செய்யும் வேலை அத்தனையும் கொடிப்பயறு செய்யும், பத்து மடங்கு எளிதாக. நீளப்பயறு, பயத்தங்காய் என்று எப்படிச் சொன்னாலும் அதுதான். திருவனந்தபுரம் பக்கத்து வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் வெள்ளாயணி ஜோதிகா, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் லோலா, சிவந்த காய் வேண்டுமென்றால் வைஜயந்தி, இவையெல்லாம் நம் தட்பவெப்பத்துக்காகவே வந்த ரகங்கள். களியக்காவிளை தாண்டினால் கிடைக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் நாட்டு விதை இருந்தால் அதை முதலில் வாங்குங்கள். காய் குட்டையாக இருக்கலாம், மழையைத் தாங்கும்.

கொடிப்பயறுக்கு ஆண்டு முழுவதும் விதைப்புக் காலம்தான், கொட்டும் மழை ஒன்றரை மாதத்தைத் தவிர. சித்திரையில் கோடை மழை கிடைத்தவுடன் ஒரு முறை, ஆவணி, புரட்டாசியில் ஒரு முறை, தையில் தண்ணீர் ஊற்ற முடிந்தால் இன்னொரு முறை. ஒன்றரை அடி இடைவெளியில் குழிக்கு இரண்டு விதை, ஒரு அங்குல ஆழம், அதற்குக் கீழே போகக் கூடாது. மூன்று நான்கு நாளில் முளைக்கும், 40 முதல் 45 நாளில் பூக்கும். வரிசையின் இரு முனையிலும் கம்பு நட்டு, மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி, இரண்டுக்கும் நடுவே கயிறு கயிறாக இறக்கிவிட்டால் போதும். கம்புக்குக் கமுகுப் பத்தல் நல்லது. சீமைக்கொன்னைக் கம்பு நட்டால் அதுவே வேர் பிடித்துத் தழையும் தரும், ஆனால் அது தழைத்துப் பயறுக்கு நிழல் கட்டாமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். காய் வரத் தொடங்கினால் ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். காயின் மேல் விதைத் தடம் தெரியும் முன்பே பறிப்பதுதான் துவரனுக்கு ருசி. இரண்டு காயை முற்றவிட்டாலும் கொடி "என் வேலை முடிந்தது" என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். விதைக்கு வேண்டுமென்றால் ஒரு கொடியைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

பூச்சியில் இரண்டைத்தான் உண்மையில் கவனிக்க வேண்டும். கொழுந்திலும் பிஞ்சிலும் கருப்பாக அப்பியிருக்கும் அசுவினி. அது வந்திருப்பதை முதலில் சொல்வது கொடியில் ஏறி இறங்கும் எறும்பு. காலையில் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சியடித்தாலே பாதி போகும். மீதிக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலக்கி மாலையில் அடியுங்கள். மற்றது காய்த்துளைப்பான். பூவும் பிஞ்சும் நூலாம்படையால் ஒன்றோடொன்று ஒட்டி, நடுவில் ஈரமான எச்சம் தெரிந்தால் உள்ளே புழு இருக்கிறது. அந்தக் கொத்தைப் பிய்த்து நசுக்கிவிடுங்கள். ஒன்றரை சென்ட் தோட்டத்தில் கைதான் நல்ல மருந்து. இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாகப் பரவும் மொசைக்குக்கு மட்டும் மருந்து கிடையாது. அது வைரஸ், வந்த செடியைத் தயங்காமல் பிடுங்கி எடுத்துவிட வேண்டும்.

அவரை, சிறகவரை இரண்டும் வேறு கணக்கு. இங்கேதான் பகல் நீளம் வருகிறது. நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. ஆனாலும் பந்தல் அவரை அதைக் கண்டுபிடித்துவிடும். சித்திரையில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் பூப்பது பகல் குறைந்த பிறகு, ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரையில் போட்டால் ஆறு மாதம் இலையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். "அவரை காய்க்கவே மாட்டேங்குது" என்று பூக்கும் முன்பே வெட்டிப் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆடிக் கடைசியில், மழை தணிந்த பின் மேட்டுக் குழியில் விதைத்தால் மார்கழி முதல் மாசி வரை பறிக்கலாம். பந்தலுக்கு இடமில்லை என்றால் அர்க்கா ஜெய், அர்க்கா விஜய் போன்ற குற்றுச்செடி அவரை பகல் நீளத்தைப் பார்க்காது, எப்போதும் காய்க்கும்.

சிறகவரையை, சிலர் சதுரப்பயறு என்பார்கள், வளர்க்காமல் இருப்பது பெரிய நஷ்டம். ஈர வெப்பம் அதற்குத் தாய்வீடு. பட்டாணியைக் கொன்ற உங்கள் ஆனி மழையில் இது கும்மாளமாக ஏறும். விதை கல் போல இருக்கும்; ஓர் இரவு ஊறவைத்து, ஊதாத விதையைச் சிமெண்டுத் தரையில் ஒரு ஓரம் மட்டும் தேய்த்து மறுபடி ஊறவைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரம், சிலது இரண்டு வாரம். வைகாசி, ஆனியில் விதைத்தால் ஐப்பசியில் வெளிர்நீலப் பூ வரும். நான்கு பக்கமும் சிறகு வைத்த காயை விரல் நீளத்தில் பறித்து, குறுக்கே நறுக்கி மெழுக்குபுரட்டி வைக்கலாம். கொழுந்து, பூ, முற்றிய விதை, அடிக்கிழங்கு எல்லாமே உணவு. கோடையில் கொடி காய்ந்தாலும் கிழங்கைத் தொடாமல் விட்டால் அடுத்த மழைக்குத் தானே தளிர்க்கும். வாளவரை, தம்பட்டை அவரையும் நம்மூரில் நன்றாக வரும். பிஞ்சை மட்டும் சமையுங்கள், முற்றிய விதையில் நச்சுத்தன்மை உண்டு. கொத்தவரை மணற்பாங்கான கடலோரத்துக்கு நல்லது, உங்கள் செம்மண்ணில் மழை நாளில் நிற்காது.

இனி மூடுபயிர். காணொளியில் சொல்லும் வெட்ச், குளோவர், ரை எல்லாம் பனியைத் தாங்கி நின்று, வசந்தத்தில் மறுபடி வளர்வதற்காக இலையுதிர் காலத்தில் விதைப்பவை. அங்கே வெறும் மண்ணுக்கு எதிரி குளிர்காலம். கருங்கல்லில் வெறும் மண்ணுக்கு எதிரி இடவப்பாதி. சரிவான வெட்டுக்கல் (செம்புறைக்கல்) பூமியில், கோடை முழுக்கக் காய்ந்து பொடியான மேல்மண்ணை ஜூன் முதல் வாரத்து மழை சிவப்பாகக் கரைத்து ரோட்டுக்குக் கொண்டுபோவதை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோமே, அதை நிறுத்துவதுதான் நம் மூடுபயிருக்கு முதல் வேலை. களையை அமுக்குவது இரண்டாவது. உரம் மூன்றாவதுதான், ஆனால் எல்லோரும் பேசுவது அதைப் பற்றி மட்டும்.

ஆகவே மழை வந்த பிறகு விதைத்தால் பயனில்லை. மழை வரும்போது மண் மூடியிருக்க வேண்டும். திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் 1956 நவம்பர் 1 வரை இருந்த மாவட்டம் இது, மாதத்தை மேடம், இடவம் என்று எண்ணும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பத்தாமுதயத்துக்கு, அதாவது மேடம் பத்துக்கு, விதை போட வேண்டும் என்பார்கள். ஏப்ரல் கடைசி வாரம் அது. கோடை மழை ஒன்றிரண்டு விழுந்திருக்கும். அப்போது போட்ட பயறோ, சணப்பு என்னும் பசுந்தாள் உரச் செடியோ, பெருமழை தொடங்கும்போது ஐந்தாறு வாரம் ஆகி மண்ணை மூடியிருக்கும். இதற்கு மேல் நல்ல அட்டவணையை நான் கண்டதில்லை. திருவாதிரை ஞாற்றுவேலை மாதிரியான கணக்குகளும் அப்படித்தான், 13, 14 நாட்களாக ஆண்டைப் பிரித்து வைத்த மழை நாட்காட்டி. அமாவாசைக்கு முன்பா பின்பா என்பதற்கு மட்டும் நான் மதிப்புக் கொடுப்பதில்லை. மண்ணில் ஈரம் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எதை விதைப்பது என்றால், மேட்டு நிலத்துக்குச் சணப்பு அல்லது தட்டைப்பயறு, தண்ணீர் தேங்கும் தாழ்விடத்துக்குத் தக்கைப்பூண்டு. சணப்பு தண்ணீரில் நின்றால் செத்துவிடும். தக்கைப்பூண்டு ஏலாவில் (வயலில்) முழங்கால் தண்ணீரிலும் நிற்கும், கொஞ்சம் உப்பையும் தாங்கும். ஒரு சென்ட்டுக்குச் சணப்பு 100 முதல் 150 கிராம், தக்கைப்பூண்டு, தட்டைப்பயறு 200 கிராம் விதை போதும். 45 நாளில் பூ எடுக்கத் தொடங்கும்போது வெட்ட வேண்டும். அதைத் தாண்டினால் சணப்புத் தண்டு நாராகிவிடும், மட்காது. அதிலிருந்து கயிறு திரிப்பார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒழுங்காக வந்தால் சென்ட்டுக்கு 40, 50 கிலோ பச்சைத் தழை கிடைக்கும். அதிலுள்ள தழைச்சத்து சுமார் அரைக் கிலோ யூரியாவுக்குச் சமம். புத்தகத்தில் "மடக்கி உழுக" என்றிருக்கும். நடு மழைக்காலத்தில் சரிவு நிலத்தில் அதைச் செய்யாதீர்கள். அரிவாளால் அறுத்து அங்கேயே பரப்பிவிடுங்கள், வேர் மண்ணைப் பிடித்துக்கொண்டே மட்கட்டும். ஆடிக் கடைசியில் அதை விலக்கிக் குழி எடுத்து அவரையோ வெண்டையோ போடலாம். மண்ணுக்குள் புதைத்தால் 10, 15 நாள் ஆறவிட்டுத்தான் விதைக்க வேண்டும், மட்கும் சூட்டில் விதை அழுகும்.

துலாமழைக்குப் பிறகு, கார்த்திகை முடிவில் காலியாகும் பாத்தியில் காணம் (கொள்ளு) தூவிவிடுங்கள். மிச்ச ஈரத்திலேயே வளர்ந்துவிடும், தண்ணீர் கேட்காது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்தார் இதை வாசித்தால் அவர்களுக்கு ஒரு வார்த்தை: தென்மேற்கு மழை உங்களுக்கு இந்த அளவுக்குக் கிடைக்காது. புரட்டாசி விதைப்புதான் உங்களுக்குப் பிரதானம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று முப்பந்தல் காற்றாலையைச் சுற்றுகிற சுற்றில் பந்தல் கட்டி வைப்பது வீண் செலவு.

தென்னைக்கு அடியில் விதைப்பதற்கு மரத்தின் வயதைச் சொல்லாமல் விட்டிருக்கிறீர்கள், அது முக்கியம். ஏறத்தாழ 8 வயது முதல் 25 வயது வரை ஓலை நெருங்கி நிழல் கட்டியிருக்கும், இடைவெளியில் சணப்பு நோஞ்சானாகத்தான் வரும். அந்த வயதென்றால் மரத்தின் மூடு, அதாவது அடியைச் சுற்றி 6 அடி வட்டப்பாத்திக்குள் மட்டும் மரத்துக்கு 50 கிராம் சணப்பு விதைத்துப் பூக்கும் முன் மடக்கிவிடச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. கொஞ்சம் வெயில் இறங்கினாலும் தட்டைப்பயறு இந்த இடத்தில் சமாளிக்கும். உயரமான பழைய மரங்களென்றால் இடைவெளி முழுவதும் விதைக்கலாம். வாழை புதிதாக வைக்கும்போது நடுவே சணப்போ பயறோ போட்டு 45 நாளில் அறுத்து மூட்டில் போடுங்கள், முதல் களையெடுப்புக் கூலி மிச்சம். மரச்சீனி வரிசைகளுக்கு நடுவே குற்றுப்பயறு போடுவதும் அதே மாதிரி. மரச்சீனி முதல் இரண்டு மூன்று மாதம் மெதுவாகத்தான் வளரும், அந்த இடைவெளி பயறுக்குப் போதும்.

ஒன்றை மட்டும் வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். குலசேகரம், அருமனை பக்கம் ரப்பர் தோட்டத்தில் பியூரேரியா, மியூக்குனா கொடி போர்வை மாதிரி படர்ந்திருப்பதைப் பார்த்து ஒரு தண்டை ஒடித்து வந்து வீட்டில் வைக்காதீர்கள். இளம் ரப்பருக்கு அது சரியான மூடுபயிர், அங்கே அதை அடக்கி வைக்க ஆள் இருக்கிறது. 12 சென்ட்டில் இரண்டு மழைக்குள் வாழை, வேலி, கிணற்றுச் சுவர் எல்லாம் அதற்குள் போய்விடும். பூனைக்காலியும் வேண்டாம், காயின் சுணை மேலே பட்டால் அரிப்புத் தாங்காது. சணப்பு விதையை ஆடு, கோழி தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதில் நஞ்சு உண்டு.

பயறு வைத்தால் மண்ணுக்குத் தழைச்சத்து சேரும் என்று நீங்கள் எழுதியிருப்பது பாதி சரி. வேர் முடிச்சில் இருக்கும் பாக்டீரியா காற்றிலிருந்து தழைச்சத்தை எடுப்பது உறுதி. ஆனால் எடுத்ததைச் செடி முதலில் தனக்கும், அப்புறம் விதைக்கும்தான் கொடுக்கும். காயெல்லாம் நாம் பறித்துத் தின்று, கொடியையும் பிடுங்கி ஆட்டுக்குப் போட்டுவிட்டால் மண்ணில் மிஞ்சுவது சொற்பம். பக்கத்தில் நிற்கும் கத்தரிக்கு உயிரோடிருக்கும் பயறு ஊட்டிவிடும் என்பதை நான் நம்பி நடவு செய்ய மாட்டேன். காய் வேண்டுமென்றால் காய்க்கு வளர்த்து, கடைசியில் தண்டை அறுத்துக் கொடியை அங்கேயே போடுங்கள். உரம் வேண்டுமென்றால் பூவிலேயே அறுத்துவிடுங்கள். இரண்டையும் ஒரே செடியில் எதிர்பார்த்தால் இரண்டும் குறையும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். 30, 35 நாள் செடி ஒன்றை, இழுக்காமல், மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் முக்கி அலசுங்கள். வேரின் பக்கவாட்டில் மணிமணியாக ஒட்டியிருக்கும். ஒன்றை நகத்தால் வெட்டினால் உள்ளே இறைச்சி மாதிரி சிவப்பாக இருக்க வேண்டும். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. விரலால் தள்ளினால் முடிச்சு உதிர்ந்து வரும். உதிராமல், வேரே ஆங்காங்கே வீங்கியிருந்தால் அது முடிச்சே இல்லை, நூற்புழு. அந்தப் பாத்தியில் அடுத்து பயறு, வெண்டை, கத்தரி எதையும் போடாமல் சணப்பு ஒன்று எடுத்துவிடுங்கள். வேர்முடிச்சு நூற்புழு அதில் பெருகாது.

ரைசோபியம் (அந்த முடிச்சுப் பாக்டீரியா) பாக்கெட் வாங்க வேண்டுமா என்றால், இங்கே கருத்து வேறுபாடு உண்டு. தட்டைப்பயறு, அவரை, சணப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே கூட்டத்துப் பாக்டீரியாவைப் பகிர்ந்துகொள்பவை, பயறு வளர்ந்த நம் மண்ணில் அது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அப்படிப்பட்ட மண்ணில் கலந்த பாத்திக்கும் கலக்காத பாத்திக்கும் கண்ணால் வித்தியாசம் தெரிவது அபூர்வம். வீடு கட்ட மேல்மண் வழித்த இடமென்றால் கலக்கலாம். ஆறிய கஞ்சியில் குழைத்து விதையில் புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி அன்றே விதையுங்கள். பட்டாணிக்கும் பீன்ஸுக்கும் வேண்டிய இனங்கள் வேறு. அவை நம் மண்ணில் குறைவு என்பதும் உங்கள் செடி மஞ்சளித்ததற்கு ஒரு சிறு பங்காக இருந்திருக்கலாம்.

பாக்கெட்டைவிட எனக்கு முக்கியமாகப் படுவது சுண்ணாம்பு. மேற்குப் பகுதி வெட்டுக்கல் மண் பெரும்பாலும் அமில மண். அமிலம் அதிகமானால் முடிச்சு குறையும், மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) செடிக்கு எட்டாது. பயறுக்குக் கேரளப் பரிந்துரை ஹெக்டேருக்கு 250 கிலோ சுண்ணாம்பு, அதாவது சென்ட்டுக்கு ஒரு கிலோ. விதைப்பதற்கு இரண்டு வாரம் முன்பு தூவிக் கொத்திவிட வேண்டும். சாணத்தோடு ஒரே நாளில் கலக்கக் கூடாது. ஆனால் உங்கள் மண்ணின் அமில நிலை தெரியாமல் இந்த அளவை நான் உறுதியாகச் சொல்லக் கூடாது. பல இடத்திலிருந்து எடுத்துக் கலந்த அரைக் கிலோ மண்ணை நிழலில் உலர்த்தி, திருப்பதிசாரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். கடலோர மணலென்றால் சுண்ணாம்பைவிடத் தழைதான் முதல் தேவை.

விதையைப் பற்றி ஒன்று விட்டுப்போனது. கடையில் மறுபடி மறுபடி வாங்க வேண்டாம். காய் கொடியிலேயே காய்ந்து சலசலக்கும்போது பறித்து, உரித்து, இரண்டு மூன்று நல்ல வெயிலில் போடுங்கள். கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி வேப்பெண்ணெய் புரட்டி இறுக மூடிய டப்பாவில் வைத்தால் பயறு வண்டு அண்டாது. வண்டு சந்தையிலிருந்து மட்டும் வருவதில்லை, விளையில் காயிலேயே முட்டையிட்டு உங்களோடு வீட்டுக்கும் வருகிறது. அதனால் பறித்த வாரத்திலேயே இதைச் செய்துவிட வேண்டும். மழைக்காலத்தில் முற்றிய காய் நனைந்து கொடியிலேயே முளைவிடும், விதைக்குத் தைப் பட்டத்துக் காய்தான் நல்லது. உங்கள் தென்னைக்கு என்ன வயது, அந்த ஒன்றரை சென்ட் மழையில் தண்ணீர் தேங்கும் இடமா இல்லையா, இந்த இரண்டையும் எழுதுங்கள். சணப்பா தக்கைப்பூண்டா என்பதை அதை வைத்துச் சொல்லிவிடலாம்.